பால்டுவின் தெருவின் செங்குத்துக்கு மலை காரணமில்லை

நியூசிலாந்தின் தென்தீவில் டனீடின் என்று ஒரு நகரம். ஊர் மையத்திலிருந்து வடகிழக்கே மூன்றரை கிலோமீட்டர் போனால் நார்த் ஈஸ்ட் வேலி என்ற பள்ளத்தாக்குக் குடியிருப்பு வரும். அங்கே நார்த் ரோடிலிருந்து பிரிந்து, வளைவு நெளிவு எதுவும் இல்லாமல், நேரே மலைமேல் ஏறுகிற ஒரு சின்னத் தெருதான் பால்டுவின் தெரு. நீளம் 350 மீட்டர்கூட இல்லை. உலகின் மிகச் செங்குத்தான தெரு என்று கின்னஸ் பட்டியலில் இருப்பதால் நாள் முழுக்க ஆட்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

"எவ்வளவு பெரிய மலை பார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மலை இதில் பாதிக் கதைகூட இல்லை. இந்தத் தெருவைவிடச் செங்குத்தான மலைப்பக்கங்கள் உலகமெங்கும் கிடக்கின்றன, அங்கெல்லாம் பாதை சுற்றிச் சுற்றித்தான் ஏறுகிறது. இங்கே அது நேராக ஏறுகிறது. காகிதத்தில் ஒரு நேர்கோடு போட்டதன் விளைவு அது. அந்தக் கோட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே வருகின்றன: தாருக்குப் பதில் கான்கிரீட், நடைபாதைக்குப் பதில் படிக்கட்டு, விசித்திரமான வீட்டு அஸ்திவாரங்கள், கடைசியில் உலக சாதனையும் அதைச் சுற்றி நடந்த சண்டையும்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். தெரு நார்த் ரோடில் தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர். முடியும் இடம் சுமார் 100 மீட்டர். அதாவது மொத்த ஏற்றம் 70 மீட்டர், சராசரியாக ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். ஆனால் இந்தச் சராசரி ஆளை ஏமாற்றிவிடும், ஏனென்றால் கீழ்ப்பகுதி சாதாரண மேடுதான். மேலே உள்ள 161 மீட்டர் நீளத்தில் மட்டும் 47 மீட்டர் ஏறுகிறது. ஏறக்குறைய பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. அதிலும் மிகச் செங்குத்தான துண்டில் ஏற்றம் 34.8 சதவீதம், கோணத்தில் சொன்னால் 19 டிகிரியைச் சற்றுத் தாண்டும்.

இந்தச் சதவீதக் கணக்கில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 100 சதவீதம் என்றால் சுவர் போலச் செங்குத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கிடையாக 100 மீட்டர் போகும்போது 100 மீட்டர் உயர்ந்தால் அது 100 சதவீதம், அதாவது 45 டிகிரி. 35 சதவீதம் என்பது கிடையாக 100 மீட்டருக்கு 35 மீட்டர் உயர்வு. சரி, 19 டிகிரிதானே, அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். காகிதத்தில் 19 டிகிரி வரைந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் நேரில் அடிவாரத்தில் நிற்கிற கண்ணுக்கு அப்படித் தெரியாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ப்ராஃபிட் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெறும் 5 டிகிரிச் சரிவைப் பார்த்தவர்கள் அது ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும் என்று சொன்னார்கள். ஏன் அப்படி என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் சரிவுகளை நாம் எல்லோருமே பெரிதாக்கித்தான் பார்க்கிறோம் என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. ஐந்து டிகிரிக்கே அப்படி என்றால் பத்தொன்பதுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். டனீடின் நகரம் அழிந்துபோன ஒரு பழைய எரிமலையின் மிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அணைந்துவிட்ட எரிமலை அது, இன்றைய துறைமுக நீர்ப்பரப்புகூட அதன் தேய்ந்த உடலுக்குள் கடல் புகுந்து உண்டானதுதான். ஆகவே சமதளம் என்பது அங்கே அரிது. 1848-இல் ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்த குடியேறிகள் வந்து ஊரை அமைத்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, 1846-இல், சார்ல்ஸ் கெட்டில் என்ற சர்வேயர் அங்கே போய் நிலத்தை அளந்து தெருக்களை வகுத்துவிட்டார். எடின்பரோவின் புதிய நகரப் பகுதியைப் போல ஊர் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்ட வேலை. நேர்த்தெருக்கள், கட்டம் கட்டமாக மனைகள்.

டனீடின் தெருக்களைப் பற்றிப் பரவலாக ஒரு கதை சொல்வார்கள்: லண்டனில் உட்கார்ந்திருந்த யாரோ நிலத்தைப் பார்க்காமலே காகிதத்தில் கட்டம் போட்டுவிட்டார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அது திருப்தி தரவில்லை. கெட்டில் அந்த மண்ணில் நின்று அளந்தவர். பால்டுவின் தெரு இருக்கும் நிலத்தை மனை போட்டவர் வில்லியம் பால்டுவின், ஓட்டகோ மாகாண சபையில் உறுப்பினராக இருந்தவர், பத்திரிகை தொடங்கியவர், உள்ளூர் ஆள். அந்த மலை எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவர் பெயரில் ஒரு தெரு வந்திருக்காது. அப்படியென்றால் ஏன் நேராகப் போட்டார்கள்? மனை விற்றவர்களைப் பார்த்திருக்கும் யாருக்கும் இது புதிராக இருக்காது என்று நினைக்கிறேன். செவ்வக மனையை அளப்பது சுலபம், வரைபடத்தில் காட்டுவது சுலபம், எண் போட்டு விற்பது சுலபம். வளைந்து ஏறும் தெரு போட்டால் மனைகள் கோணல்மாணலாக வரும், தெருவுக்கே நிறைய நிலம் போய்விடும். நேர்கோட்டில் நிலம் முழுக்க விலையாகும். பிறகு அந்தத் தெருவில் யார் எப்படி ஏறுவார்கள் என்பது மனை வாங்கியவர் பாடு, சாலை போடும் நகர நிர்வாகத்தின் பாடு.

இதே கதைதான் சான்பிரான்சிஸ்கோவிலும். 1847-இல் ஜாஸ்பர் ஒ'ஃபாரெல் என்பவர் அந்த ஊரின் கட்டத் தெருக்களைக் குன்றுகளின் மேலேயே நீட்டினார். அங்கே லம்பார்டு தெருவின் ஒரு பகுதி 27 சதவீத ஏற்றம், வண்டிகளுக்குச் சிரமம். அதனால் 1922-இல் அந்த ஒரு துண்டில் மட்டும் எட்டுத் திருப்பங்களை வைத்து வளைத்துவிட்டார்கள். இன்று உலகமே போய்ப் படம் எடுக்கும் அந்த நெளிவு, அழகுக்காக வந்ததில்லை, நேர்கோடு தந்த தொல்லைக்குப் பிற்பாடு செய்த வைத்தியம். உயரம் மாறாது, பாதையின் நீளத்தைக் கூட்டினால் சரிவு குறையும், கொண்டை ஊசி வளைவின் தத்துவமே அவ்வளவுதான். இரண்டு ஊருக்கும் இன்னொரு உறவும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் 1873-இல் கேபிள் கார் வந்தது, தெருவுக்கு அடியில் ஓடும் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறும் வண்டி. அமெரிக்காவுக்கு வெளியே அதை முதலில் ஓட்டிய ஊர்களில் டனீடின் முன்னால் நிற்கிறது, 1881-இல் ராஸ்லின் பாதை. ஜார்ஜ் ஸ்மித் டங்கன் என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். டனீடினின் கடைசிக் கேபிள் பாதை 1957-இல்தான் நின்றது. கட்டத் தெருவை மலைமேல் போட்டவர்கள், அதில் ஏறுவதற்கு இயந்திரத்தைத் தேட வேண்டியதாயிற்று.

பால்டுவின் தெருவுக்குப் போகிறவர்கள் முதலில் தலையைக் குனிந்து சாலையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீழ்ப்பகுதி தார்ச்சாலை. ஓரிடத்தில் தார் நின்றுவிடும், அங்கிருந்து மேலே சுமார் 200 மீட்டருக்குக் கான்கிரீட். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. தார் கெட்டியாகத் தெரிந்தாலும் உண்மையில் மிக மெதுவாக வழியக்கூடிய பொருள். வெயில் ஏறினால் இளகும். சமதளத்தில் இளகினால் போக வழியில்லை, மறுபடி இறுகிவிடும். இவ்வளவு சரிவில் இளகினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவி, மேலே பள்ளமும் கீழே மடிப்புமாகச் சாலை சுருங்கிவிடும். கான்கிரீட்டுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. குளிர்காலத்துக்கும் அதுவே நல்லது. டனீடினில் உறைபனி விழும், அந்த நேரத்தில் சொரசொரப்பான கான்கிரீட் டயருக்கும் செருப்புக்கும் கொஞ்சம் கூடுதல் பிடிமானம் தருகிறது.

அப்புறம் வீடுகள். தெரு சாய்ந்திருக்கலாம், வீடு சாய முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டின் பக்கச் சுவரிலும் ஒரு முக்கோணம் தெரியும். பலகை அடித்த சுவர் என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும்: பலகைகள் எல்லாம் கிடையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மட்டம் பிசகாமல் ஓடுகின்றன. தரை அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கீழ்ப்பக்க மூலையில் அஸ்திவாரம் ஆள் உயரத்துக்கு நிற்கும், மேல்பக்க மூலைக்கு வருவதற்குள் அஸ்திவாரம் மறைந்து, பலகைகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய் முடியும். ஒரே வீடு ஒரு பக்கம் பார்த்தால் மாடி வீடு, மறுபக்கம் பார்த்தால் குடிசை உயரம். இணையத்தில் பார்க்கும் அந்தப் பிரபலமான படங்கள், வீடு பூமிக்குள் சாய்ந்து புதைவது போலத் தெரிபவை, இந்தச் சுவர்களை வைத்து எடுத்தவைதான். கேமராவைச் சரிவுக்கு ஏற்றபடி சாய்த்துப் பிடித்தால் சாலை மட்டமாகிவிடும், நேராக நிற்கும் வீடு சாய்ந்துவிடும். படத்தின் சட்டத்துக்குள் வானம், மரம் போன்றவை அதிகம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், கண் ஏமாந்துவிடும்.

நடந்து ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தெருவை அனுபவிக்க அதுதான் வழி. 19 டிகிரிச் சரிவில் பாதம் முழுதும் படும்படி நின்றால், கணுக்கால் அதே 19 டிகிரி முன்னோக்கி மடங்க வேண்டும். நிறையப் பேருக்குக் கணுக்கால் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் மடங்கும். அதனால் உடம்பு தானாகவே குதிகாலைத் தூக்கிக்கொள்கிறது, முன்பாதத்தில் ஏறுகிறோம், சுமை முழுவதும் கெண்டைக்காலுக்குப் போகிறது. பாதி ஏறுவதற்குள் கெண்டைக்கால் எரிய ஆரம்பிப்பது இதனால்தான். இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு: நேராக ஏறாமல் குறுக்காக நடப்பது. சரிவுக்கு 45 டிகிரி குறுக்காக நடந்தால் 35 சதவீத ஏற்றம் 25 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். நடைதூரம் கூடும், ஆனால் கால் தாங்கும். அந்தத் தெருவில் வண்டிகள் வந்துபோகும் என்பதால் நடு ரோட்டில் இப்படிக் குறுக்கே போகக் கூடாது, நடைபாதையில் படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறார்கள். படியில் பாதம் மட்டமாக அமர்வதால் கணுக்காலுக்கு நிம்மதி. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எந்தச் சலுகையும் கிடையாது, உயரம் அதே உயரம்தான்.

இறங்குவது சுலபம் என்று நினைத்து வேகமாக இறங்காதீர்கள். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, இந்த மாதிரி வேலைதான் தசையை அதிகம் நோகவைக்கும். ஏறியதன் வலி அங்கேயே தெரிந்துவிடும், இறங்கியதன் வலி மறுநாள் காலையில் தெரியும். விரல் முன்னால் போய் இடிக்காத, அடியில் பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கொண்டு போவது நல்லது.

காரில் ஏறிப் பார்க்கலாமா என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. வாடகைக் காரில் வந்தவர்களுக்கு அந்த ஆசை கட்டாயம் வரும். கணக்கைப் பார்ப்போம். இந்தச் சரிவில் வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அதைப் பின்னுக்கு இழுக்கிறது, 1,200 கிலோ வண்டியென்றால் 400 கிலோ. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. மட்டத்தில் எடையின் 60 சதவீதம் முன்னால் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மூக்கு மேலே தூக்கியிருக்கும்போது எடை பின்னால் நகர்ந்து முன்சக்கரத்தில் 50 சதவீதம் அளவுதான் மிஞ்சும். ஆக, 50 சதவீத எடை தரும் பிடிமானத்தை வைத்துக்கொண்டு 33 சதவீத இழுவையைச் சமாளிக்க வேண்டும், உராய்வுக் குணகம், அதாவது சக்கரத்தின் மேல் விழும் எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகக் கிடைக்கும் என்ற எண், 0.66-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் நல்ல டயருக்கு அது கிடைக்கும். மழை பெய்து நனைந்திருந்தால் கிடைக்காமல் போகலாம், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. உறைபனி படிந்தால் குணகம் 0.1 பக்கம் விழுந்துவிடும், அப்போது ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிறுத்துவது இன்னும் மோசம். பழைய மாதிரி ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் பின்சக்கரத்தில் எடையின் 30 சதவீதம் அளவுதான் இருக்கும், இழுவையோ 33 சதவீதம். ஒன்றுக்கு மேல் உராய்வுக் குணகம் இருந்தால்தான் நிற்கும், சாதாரண டயரில் அதை எதிர்பார்க்க முடியாது. கியரில் போட்டு, முன்சக்கரத்தை நடைபாதை விளிம்பைப் பார்த்துத் திருப்பிவைத்தால்தான் நம்பி இறங்கலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு இது கைவந்த பழக்கம். புதிதாகப் போகிறவர்களுக்கு, அதுவும் பழக்கமில்லாத வண்டியில், வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேலே போனால் வண்டி வேறு தெருவுக்குப் போக வழியும் கிடையாது. திருப்பிக்கொண்டு அதே வழியில் இறங்கியாக வேண்டும்.

இந்தச் சரிவை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மனம் கனக்கிற ஓர் உதாரணம் இருக்கிறது. 2001 மார்ச்சில், சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிக்குள் உட்கார்ந்து இரண்டு மாணவர்கள் இந்தத் தெருவில் உருண்டு இறங்க முயன்றார்கள். தொட்டி, நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லரில் மோதியது. 19 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 20 மீட்டர் உயரம் இறங்கியதுமே வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பிரேக் இல்லாத எதையும் அந்தத் தெருவில் உருட்டிவிடக் கூடாது.

சாதனைச் சண்டைக்கு வருவோம். ஜிம் மோரா என்ற ஒலிபரப்பாளர் எடுத்த முயற்சியால் 1987-இல் பால்டுவின் தெருவுக்கு உலகப் பட்டம் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அசைக்கவில்லை. 2019 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் ஊரில், பழைய கோட்டைக்கு அருகே இறங்கும் ஃபோர்த் பென் லெக் என்ற தெரு 37.45 சதவீதம் என்று சொல்லி கின்னஸ் பட்டத்தை அங்கே கொடுத்துவிட்டது. டனீடின்காரர்கள் சும்மா இருக்கவில்லை. டோபி ஸ்டாஃப் என்ற சர்வேயர் தலைமையில் மறு ஆய்வு நடந்தது, 2020 ஏப்ரலில் பட்டம் திரும்பி வந்தது.

அளவில் யாரும் ஏமாற்றவில்லை, எந்தக் கோட்டில் அளப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. வளைந்து ஏறும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன, ஆனால் உள் ஓரத்தின் நீளம் குறைவு. குறைந்த நீளத்தில் அதே உயரம் என்றால் சரிவு அதிகம். உள் ஓரத்தில் அளந்தால் வேல்ஸ் தெருவுக்கு 37 சதவீதம் வருகிறது, நடுக்கோட்டில் அளந்தால் 28.6 சதவீதம்தான். பால்டுவின் தெரு நேர்கோடு, ஓரத்தில் அளந்தாலும் நடுவில் அளந்தாலும் அதே 34.8. எல்லாத் தெருவையும் நடுக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று கின்னஸ் முடிவு செய்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், வண்டியும் ஆளும் உண்மையில் போகும் பாதையை ஓரத்தைவிட நடுக்கோடுதான் நன்றாகக் காட்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் கேன்டன் அவென்யூ என்ற கல் பாவிய தெருவுக்கு 37 சதவீதம் என்கிறார்கள், ஆனால் அந்தச் செங்குத்து சுமார் ஆறு மீட்டர் நீளத்துக்குத்தான். சாதனைக் கணக்குக்குப் பத்து மீட்டர் வேண்டும். எவ்வளவு நீளத்தில், எந்தக் கோட்டில் என்று சொல்லாமல் "இதுதான் மிகச் செங்குத்து" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

பட்டம் வந்தபின் அந்தத் தெருவுக்குத் திருவிழாக்களும் வந்தன. 1988 முதல் ஆண்டுதோறும் அடியிலிருந்து உச்சிக்கு ஓடித் திரும்பும் ஓட்டப்பந்தயம் நடந்துவந்தது. 2002 முதல் இன்னொன்று, ஜாஃபா என்ற ஆரஞ்சுச் சுவை சாக்லேட் உருண்டைகளை ஆயிரக்கணக்கில் எண் போட்டு மேலிருந்து உருட்டிவிடுவார்கள், முதலில் வந்து சேரும் உருண்டைக்குப் பரிசு, திரண்ட பணம் தொண்டு வேலைகளுக்கு. டனீடினில் இருந்த கேட்பரி தொழிற்சாலை 2018-இல் மூடியதோடு அந்த விழா நின்றது. அந்தச் சிவப்பு வெள்ளத்தை இனி வீடியோவில்தான் பார்க்க முடியும், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போகிற எண்ணம் இருந்தால் சில விஷயங்கள். இது நுழைவுச்சீட்டு வைத்த பூங்கா இல்லை, ஆட்கள் குடியிருக்கும் தெரு. படத்துக்காக அடுத்தவர் வேலிக்குள் போவது, வாசலை மறித்து நிற்பது, நடு ரோட்டில் படுத்துக்கொள்வது எல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தினசரித் தொல்லை. போர்ட் சாமர்ஸ் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளில் கூட்டம் அலைமோதும், அதைத் தவிர்த்துக் காலையிலேயே போய்விடுங்கள். வண்டியை நார்த் ரோடு பக்கம் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். மேலே போனதும் உடனே திரும்பிவிடாதீர்கள், உச்சியில் ஒரு குறுகலான நடைவழி குறுக்கே போகிறது, அதில் போனால் பக்கத்திலுள்ள ஆர்னால்டு தெருவுக்குப் போய்விடலாம். அதன் ஏற்றம் 3.6-க்கு 1, அதாவது கிடையாக 3.6 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்வு. கொஞ்சம் தள்ளி டால்மெனி தெரு, 3.7-க்கு 1. பால்டுவின் தெருவின் 2.86-க்கு 1 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் அப்படியொன்றும் குறைவில்லை. அங்கே கூட்டம் கிடையாது, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், யாரும் கேமராவைச் சாய்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.